முப்பத்தொன்றாம் பக்கம்

சேலம் ஜங்ஷனில் ரயில் தாமதமான ஒரு நாள்
நாற்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கியது.
எண்பத்தெட்டுப் பக்கம். எழுத்து பெரிது,
நடுநடுவே படம் வேறு.
அட்டையில் டை கட்டிய ஒருவன்
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.
எங்கள் சேகோ ஆலையில் டை கட்டினால்
மத்தியானத்துக்குள் மாவில் வெளுத்துவிடும்.

முதலாளி மகன் எம்.பி.ஏ. முடித்து வந்தபோது
எனக்குத் தந்த புத்தகம் வேறு.
அறுநூறு பக்கம்.
அதையும் குறை சொல்ல மாட்டேன்:
மின்விசிறிக்கு எடைச்சீட்டுகள் பறக்காமல்
இரண்டு வருடமாய்க் காத்து வருகிறது.

சின்னது என் மடியில் கிடக்கும்.
கேட்டில் ஹாரன் அடித்த லாரி
எடைமேடையில் ஏறி நிற்பதற்குள்
ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.
வாழப்பாடிச் சாலையில் வந்து நின்று
அளந்து எழுதினான் போல.

'கடிதம் மூன்று வரியைத் தாண்ட வேண்டாம்.'
'தெரியாததைத் தெரியாதென்று காலையிலேயே சொல்.'
யாருக்குத்தான் தெரியாது இதெல்லாம்?
தெரிந்ததை ஒருவரும் செய்வதில்லை என்பதால்
அச்சடித்து விற்கிறார்கள்.

என் வேலை பாயிண்ட் பார்ப்பது.
லோடில் அள்ளிய ஐந்து கிலோ மரவள்ளியைக்
கம்பிக் கூடையிலிட்டுத்
தொட்டித் தண்ணீரில் இறக்கி
முள் நிற்கும் எண்ணை உரக்கச் சொல்வது.
முள் ஒன்று இறங்கினால் விலையும் இறங்கும்.
பத்து மாதம் காட்டில் நின்றவர்
ஜன்னலுக்கு வெளியே நின்று
என் வாயையே பார்ப்பார்.
பாயிண்ட்டம்மா என்பார்கள் முகத்துக்கு நேரே.
திரும்பிப் போகையில் சொல்வது வேறு.

முப்பத்தொன்றாம் பக்கம்:
'கோபத்தோடு வருகிறவருக்கு
முதலில் ஒரு நாற்காலி கொடு.'
ஓரத்தில் பென்சிலால் கேட்டு வைத்தேன்:
இருப்பதே ஒன்றுதான் என்றால்?

அன்றைக்குப் பேளூர் மாதையன்.
இருபத்தாறு என்றேன்.
"மழைக்கு முந்திப் புடுங்குனது,
இருபத்தெட்டுக்குக் கொறையாது" என்றார்.
பிறகு என் அப்பனை இழுத்தார்.
அவருக்குப் பின்னால் ஷாஜகானின் லாரி
கையை எடுக்காமல் ஹாரன் அடித்தது.
என்ன தோன்றியதோ,
எழுந்துவிட்டேன்.
"உள்ள வந்து உக்காருங்க."

சேற்றுக் காலைப் பார்த்துத் தயங்கி
விளிம்பில் உட்கார்ந்தார்.
கூடையை மறுபடி இறக்கினேன்.
முள் ஆடியது, ஆடியது,
நின்றது.
"இருபத்தாறு."
சொன்னது அவர்.

கொஞ்சம் கழித்து,
"இங்கிருந்து தெரியுதே" என்றார்.

ஏழு வருடமாய் நான் உட்கார்ந்த இடம்.
ஜன்னலில் நிற்பவருக்கு
இத்தனை நாளும் தெரிந்தது தராசின் முதுகு.
எண்பத்தெட்டுப் பக்கத்தில் எங்கும் இது இல்லை.
எழுதியவன் மரவள்ளியைக் கண்டிருக்கவே மாட்டான்.
நாற்காலி என்று மட்டும்தான் சொன்னான்.

மதியச் சோற்றுக்கு முன்
அஞ்சுகமும் நானும் தராசைத் திருப்பிவிட்டோம்.
நாலு போல்ட், ஒரு ஸ்பேனர்,
அவளுக்கு விரலில் ஒரு கீறல்.

"யாரைக் கேட்டு?" என்றார் முதலாளி.
பக்கத்தை விரித்து நீட்டினேன்.
நின்றபடியே படித்தார்,
அடுத்த பக்கமும் படித்தார்,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
இன்னும் தரவில்லை.

சண்டை ஒன்றும் ஓயவில்லை.
முள்ளைத் திட்டுகிறார்கள்,
மழையைத் திட்டுகிறார்கள்,
விலையைத் திட்டுகிறார்கள்.
விலை போடுகிற அறைக்கு ஜன்னலே கிடையாது.

நாற்காலியில் இப்போதெல்லாம்
யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள்.
இன்னொன்று வேண்டுமென்று கடிதம் கொடுத்தேன்,
மூன்றே வரி,
அதில் ஒன்று 'நன்றி'.
பதினோரு நாளாகிறது.